ஒரு நிக்கார் லென்ஸின் பூர்வீகம்

ஃபிலிம் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் முதலில் பாடியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எஃப்.எம்.2 வாங்கலாமா, எஃப்3 வாங்கலாமா, மீட்டர் ஒழுங்காகக் காட்டுமா, ஷட்டர் வேகம் சரியாக இருக்குமா என்று ஆயிரம் சந்தேகம். நாலைந்து ரோல் ஓட்டிய பிறகு கேள்வி தானாக மாறிவிடும்: எந்த லென்ஸ்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பாடி என்பது வெளிச்சம் புகாத பெட்டியும் ஒரு ஷட்டரும் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலும்தான். படத்தின் குணத்தைத் தீர்மானிப்பவை முன்னால் இருக்கும் கண்ணாடியும் பின்னால் இருக்கும் ஃபிலிமும்.

நிகான் ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் கேட்டால் நான் தயங்காமல் சொல்வது நிக்கார் 105 மி.மீ., எஃப்/2.5. எஃப் மௌன்ட்டுக்கு வந்த லென்ஸ்களில் இதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுபவை உண்டு. இதைவிடக் கூர்மையானவை உண்டு. பல மடங்கு விலைபோகிறவையும் உண்டு. ஆனாலும் மனித முகத்தை ஃபிலிமில் பதிய இதைவிடப் பொருத்தமான இன்னொன்றை நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் கூர்மை அட்டவணையை நீட்டிப் பயனில்லை. அதன் பூர்வீகத்தைத்தான் சொல்ல வேண்டும். டோக்கியோவில் செய்யப்பட்ட லென்ஸ் இது. ஆனால் அதன் வடிவம் பிறந்தது ஜெர்மனியின் டிரெஸ்டனில். ஆணிவேரைத் தேடினால் இன்னும் பின்னால், இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போக வேண்டும்.

1893-ல் யார்க் நகரில் தொலைநோக்கி செய்துவந்த டி. குக் அண்ட் சன்ஸ் நிறுவனத்தில் இருந்த டென்னிஸ் டெய்லர், மூன்றே வில்லைகளைக் கொண்டு ஒரு புகைப்பட லென்ஸை வடிவமைத்தார். இருபுறமும் குவிவில்லைகள், நடுவில் ஒரு குழிவில்லை. புகைப்பட லென்ஸில் திருத்த வேண்டிய முக்கியமான பிழைகள் அத்தனையையும் இந்த மூன்றைக் கொண்டே கட்டுக்குள் வைக்க முடிந்தது. எளிமையில் அதை மிஞ்ச ஆளில்லை. குறை ஒன்றுதான்: வெளிச்சம் போதாது. அன்றைய தகடுகளும் ஃபிலிமும் மந்தமானவை. வீட்டுக்குள் படம் எடுக்க வேண்டுமென்றால் மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும், இல்லையென்றால் எதிரே இருப்பவரை ஆடாமல் அசையாமல் உட்காரவைக்க வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய படங்களில் எல்லா முகமும் விறைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த விறைப்பை உடைக்க வழிசெய்தவர்களில் முதன்மையானவர் லூட்விக் பெர்ட்டெலே. 1900-ல் மியூனிக்கில் பிறந்தவர். முதல் உலகப்போர் முடிந்த கையோடு டிரெஸ்டனில் எர்னெமான் கேமரா நிறுவனத்தில் சேர்ந்தார். லென்ஸ் வடிவமைப்பு என்பது அப்போது முழுக்க முழுக்கக் கைக்கணக்கு. ஒரு ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளைகிறது என்று மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்; ஒரு வளைவைச் சற்று மாற்றினால் எல்லாக் கதிர்களையும் மறுபடி கணக்கிட வேண்டும். அப்படி உழைத்து 1923-ல், தன் 23-வது வயதில், அவர் கொடுத்தது எர்னோஸ்டார். 100 மி.மீ., எஃப்/2. டெய்லரின் மூன்று வில்லைகளையே அடிப்படையாக வைத்து, முன்பகுதியில் கூடுதல் வில்லைகளைச் சேர்த்து ஒளியைப் படிப்படியாக மடக்கினார். மறு வருடம் அதைப் பொருத்திய எர்மனாக்ஸ் கேமரா கடைக்கு வந்தது. 4.5 × 6 செ.மீ. அளவுள்ள கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் சிறிய கேமரா. பெட்டியைவிட லென்ஸ்தான் பெரிதாகத் தெரியும்.

சட்டம் படித்த பெர்லின்காரர் எரிக் சாலமன் இந்தக் கேமராவை வாங்கினார். 1928-ல் ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தன் தொப்பிக்குள் மறைத்துவைத்த எர்மனாக்ஸால் படம் எடுத்தார். நீதிமன்றத்துக்குள் படம் எடுக்கத் தடை இருந்தது; ஃபிளாஷ் இல்லாமல் அறைக்குள் படம் எடுக்க முடியும் என்று காவலர்கள் நினைத்துப்பார்க்கவும் இல்லை. பிறகு அவர் ஐரோப்பாவின் அரசியல் மாநாடுகளுக்குள் நுழைந்தார். நள்ளிரவு தாண்டிய பேச்சுவார்த்தையில் நாற்காலியில் சாய்ந்து தூங்கும் அமைச்சர்கள், சுருட்டுப் புகைக்கு நடுவே ஒருவர் காதில் ஒருவர் பேசுபவர்கள் எல்லாம் அவர் தகட்டில் பதிந்தார்கள். அதுவரை உலகம் தலைவர்களை ஸ்டூடியோ முகத்தோடு மட்டுமே பார்த்திருந்தது. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கும் மனித முகத்தை முதன்முதலாகப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தவர்களில் சாலமன் முன்னோடி. அவர் யூதர். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அவர் எடுத்த படங்கள் இல்லையென்றால் இந்த லென்ஸ் குடும்பத்துக்கு வரலாறே கிடையாது என்று நான் நினைக்கிறேன். ஃபிளாஷ் இல்லாமல், கிடைத்த வெளிச்சத்தில், போஸ் கொடுக்காத முகம்: இந்தப் பரம்பரையின் தொழில் அங்கே நிச்சயமாகிவிட்டது.

1926-ல் எர்னெமான் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இணைந்து ஸைஸ் இகான் உருவானது. பெர்ட்டெலேயும் அதோடு சேர்ந்து ஒளியியல் நிறுவனமான ஸைஸின் குடைக்குள் வந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் லைக்கா சந்தைக்கு வந்து 35 மி.மீ. ஃபிலிமின் காலத்தைத் தொடங்கியிருந்தது. அதற்குப் போட்டியாக ஸைஸ் இகான் 1932-ல் காண்டாக்ஸ் கேமராவைக் கொண்டுவந்தது. அந்தக் கேமராவுக்கு பெர்ட்டெலே கொடுத்த லென்ஸ்தான் ஸொனார். 50 மி.மீ.யில் எஃப்/2, எஃப்/1.5 என்று இரண்டு வகை. அப்போது லைக்காவிடம் இருந்த வேகமான 50 மி.மீ. லென்ஸ் எஃப்/2.5 ஹெக்டார். அதைவிட எஃப்/1.5 ஸொனார் ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸொனாரின் வடிவம் ஏன் அப்படி அமைந்தது என்பதில்தான் 105-ன் குணத்துக்கும் விடை இருக்கிறது.

கண்ணாடிக் கதவில் நம் முகம் மங்கலாகத் தெரிகிறதல்லவா, லென்ஸுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 முதல் 5 சதவீதம் வெளிச்சம் திரும்பிவிடும். வில்லைகள் நான்கு குழுவாக இருந்தால் காற்றுப் படும் பரப்புகள் எட்டு. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடும். போனது போய்த் தொலையட்டும் என்று விடவும் முடியாது. திரும்பிய வெளிச்சம் உள்ளுக்குள்ளேயே எதிரொலித்து ஃபிலிமில் வெள்ளைத் திரையாகப் படியும்; கறுப்பு கறுப்பாக இருக்காது. வில்லைகளின் மேல் மெல்லிய பூச்சு பூசி இதைத் தடுக்கலாம் என்று ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தது 1935-ல்தான். அதற்கு மூன்று வருடம் முன்பே பெர்ட்டெலே வேறு வழியில் அதைச் சமாளித்துவிட்டார். வில்லைகளுக்கு இடையே காற்று இருந்தால்தானே தொல்லை? காற்று இருந்த இடத்தை ஒளியைக் குறைவாக வளைக்கும் ஒரு தடித்த கண்ணாடியால் நிரப்பி, மூன்று வில்லைகளை ஒரே கட்டியாக ஒட்டினார். எஃப்/1.5 ஸொனாரில் வில்லைகள் ஏழு, ஆனால் குழுக்கள் மூன்றுதான். காற்றுப் படும் பரப்புகள் ஆறு. டெய்லரின் மூன்று வில்லை லென்ஸிலும் ஆறே பரப்புகள்தான் என்பதை நினைத்துப்பாருங்கள்.

செய்வதற்கு மிகக் கடினமான லென்ஸ் இது. ஆழமான வளைவு கொண்ட மூன்று கண்ணாடிகளை மையம் பிசகாமல், நடுவே ஒரு குமிழி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டும் பசை, ஃபர் மரத்தின் பிசினிலிருந்து எடுக்கும் கனடா பால்சம். இத்தனை பாடுபட்டதற்குக் கிடைத்த படம் தனி ரகம். நடுப்பகுதி கூர்மை, ஓரங்களை நோக்கிப் போகப்போக மென்மை. பின்புலம் சிதறாமல் வழுவழுவென்று கரையும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தால் சிறிது கோளப்பிழை மிஞ்சி, தோலின் சொரசொரப்பின் மேல் மெல்லிய இதத்தைத் தூவும். ஆய்வுக்கூடக் கணக்கில் இவை குறைகள். முகத்தைப் படம் எடுப்பவருக்கு இவையே வரம். 1933-ல் 85 மி.மீ. எஃப்/2, 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் 180 மி.மீ. எஃப்/2.8 என்று ஸொனார் குடும்பம் பெருகியது. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய நார்மண்டி கடற்கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா கையில் இருந்தவை காண்டாக்ஸ் கேமராக்கள்.

போர் முடிந்தபோது இந்தக் குடும்பம் திசைக்கொன்றாகச் சிதறியது. 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. ஸைஸின் தாயகமான யேனா நகரைப் பிடித்த அமெரிக்கப் படை, அதைச் சோவியத் படையிடம் ஒப்படைக்கும் முன்பே நிறுவனத்தின் முக்கிய விஞ்ஞானிகளையும் நிர்வாகிகளையும் மேற்கே அழைத்துச் சென்றது. அவர்கள் ஓபர்கோகன் என்ற சிற்றூரில் இன்னொரு ஸைஸைத் தொடங்கினார்கள். கேமரா செய்யும் இயந்திரங்கள் போர் இழப்பீடாக உக்ரைனின் கீவ் நகருக்குப் போயின. காண்டாக்ஸ் அங்கே ‘கீவ்’ என்ற பெயரில் 1947 முதல் பல பத்தாண்டுகள் உருவானது. ஸொனார், மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் முதலில் ஜெர்மன் கண்ணாடியிலும் பிறகு சோவியத் கண்ணாடியிலும் ‘யூபிட்டர்’ ஆனது. ‘ஜூபிட்டர் 8’, ‘ஜூபிட்டர் 3’ என்று நம்மவர்கள் இணையத்தில் வாங்கும் லென்ஸ்கள் இவைதான். பெர்ட்டெலே சுவிட்சர்லாந்து போய், வில்ட் நிறுவனத்துக்காக விமானத்திலிருந்து நிலப்படம் எடுக்கும் லென்ஸ்களை வடிவமைத்தார். முகங்களுக்கு லென்ஸ் செய்த மனிதர் கடைசியில் மலைகளையும் வயல்களையும் அளக்கும் லென்ஸ்களுக்குப் போய்விட்டார்.

நம் கதைக்கு வேண்டிய கிளை கிழக்கே போனது.

இன்று நிகான் என்று நாம் அறியும் நிப்பான் கோகாகு 1917-ல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட நிறுவனம். 1921-ல் ஜெர்மனியிலிருந்து எட்டுத் தொழில்நுட்ப வல்லுநர்களை வரவழைத்தது. அவர்களில் ஹைன்ரிக் ஆக்ட் 1928 வரை தங்கி, ஜப்பானியர்களுக்கு லென்ஸ் கணக்கைக் கற்றுக்கொடுத்தார். 1930-களில் நிக்கார் என்ற பெயரில் லென்ஸ்கள் வரத் தொடங்கின. இன்று நிகானின் பெரிய போட்டியாளரான கேனன், 1936-ல் விற்ற முதல் கேமராவில் இருந்ததே நிக்கார் லென்ஸ்தான். போர்க்காலத்தில் நிப்பான் கோகாகு ராணுவத்துக்குத் தொலைநோக்கிகளும் தூரமானிகளும் செய்தது. யமாத்தோ போர்க்கப்பலின் பிரம்மாண்டமான தூரமானி அவர்கள் கைவேலை. தோற்ற நாட்டில் அந்த வேலை ஒரே நாளில் நின்றுபோனது. பிழைக்க வேண்டும். 1948-ல் நிகான் என்ற பெயரில் முதல் கேமரா வந்தது. தோற்றத்திலும் மௌன்ட்டிலும் காண்டாக்ஸ் சாயல். ஷட்டர் லைக்கா வழி. லென்ஸ்களில் 50-ம் 85-ம் ஸொனார் வடிவம். ஆனால் ஜெர்மன் லென்ஸை அப்படியே பார்த்துச் செய்தது என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமில்லை. சொந்தக் கண்ணாடி, சொந்தக் கணக்கு, அதன் மேல் பூச்சு. ஸொனார் பிறந்தபோது இல்லாத அந்தப் பூச்சு ஜப்பானியப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இருந்தது.

ஆனால் உலகம் நம்ப வேண்டுமே. ஜப்பானியப் பொருள் என்றால் மட்டம் என்ற எண்ணம் அப்போது எல்லோரிடமும் இருந்தது. அதை மாற்றியவர் ஒரு இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர்.

1950-ன் முற்பாதி. அமெரிக்க ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். அதே இதழுக்கு வேலை செய்த ஜூன் மிகி, தன் லைக்காவில் 85 மி.மீ. எஃப்/2 நிக்காரை மாட்டி டங்கனை ஒரு படம் எடுத்தார். மங்கலான வெளிச்சம். உள்ளூர் லென்ஸா என்று டங்கன் சிரித்தார். மிகி படத்தை 8 × 10 அங்குல அளவில் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். டங்கனின் சிரிப்பு நின்றது. அந்த பிரின்ட்டில் இருந்த கூர்மை, தான் சுமந்து திரியும் ஜெர்மன் லென்ஸ்களில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. உடனே ஹோரஸ் பிரிஸ்டல் என்ற சக புகைப்படக்காரரையும் அழைத்துக்கொண்டு டோக்கியோவின் ஓயி பகுதியில் இருந்த தொழிற்சாலைக்கே போனார். நிறுவனத் தலைவர் மசாவோ நகாவோகா அவர்களை வரவேற்று, அவர்கள் கொண்டுவந்த லென்ஸ்களையும் நிக்காரையும் சோதனைக் கருவியில் மாட்டி, சுவரில் விழும் பிம்பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். வந்தவர்கள் அங்கேயே நிக்கார் லென்ஸ்களை வாங்கித் தங்கள் லைக்காக்களில் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வருடம் ஜூன் 25 அன்று கொரியப் போர் வெடித்தது. டங்கன் நேராகக் களத்துக்குப் போனார். சோர்ந்துபோன அமெரிக்க மரைன் படை வீரர்களின் முகங்கள், தாடியில் பனி உறைந்த முகங்கள், கண்ணில் எதுவுமே மிஞ்சாத முகங்கள் என்று ‘லைஃப்’ பக்கங்களில் வந்தவையெல்லாம் ஜப்பானிய லென்ஸ் வழியாகப் பதிந்தவை. 1951-ல் ‘திஸ் இஸ் வார்!’ என்று புத்தகமாகவும் வந்தன. கார்ல் மைடன்ஸ் போன்ற மற்றப் புகைப்படக்காரர்களும் நிக்காருக்கு மாறினார்கள். 1950 டிசம்பர் 10 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் ஜேக்கப் டெஷின் இந்த லென்ஸ்களைப் பற்றி எழுதினார். விளம்பரத்தால் வந்த பெயர் இல்லை இது. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் பிரின்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததால் வந்தது. லென்ஸைத் தேர்ந்தெடுக்க இன்றைக்கும் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் டங்கன் பெயர் எங்கும் ஒலிக்கிறது. என் கணக்கில் முதல் மரியாதை ஜூன் மிகிக்கு.

அந்த 85-க்கு அடுத்த தம்பிதான் 105. 1950-களின் முற்பாதியில், தூரமானியால் ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் நிகானுக்காக 10.5 செ.மீ., எஃப்/2.5 என்று பொறித்து வந்தது. ஐந்து வில்லைகள், மூன்று குழுக்கள்: முன்னே ஒன்று, நடுவில் மூன்று ஒட்டிய கட்டி, பின்னே ஒன்று. பெர்ட்டெலேயின் அதே சூத்திரம்.

1959-ல் நிகான் எஃப் வந்தது. கண்ணாடி மேலெழும்பி ஷட்டருக்கு வழிவிடும் எஸ்.எல்.ஆர். கேமரா. இங்கேதான் ஸொனார் குடும்பத்துக்குச் சோதனை. 50 மி.மீ. ஸொனாரின் பின்வில்லை ஃபிலிமை ஒட்டிக்கொண்டு நிற்கும், எஸ்.எல்.ஆரில் அந்த இடத்தில் மேலும் கீழும் ஆடும் கண்ணாடி இருக்கிறது. எஃப் மௌன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மி.மீ. இடைவெளி வேண்டும். ஆகவே 50 மி.மீ.யில் ஸொனாருக்கு எஸ்.எல்.ஆர். கதவு அடைபட்டது, அந்த இடத்தை வேறு வடிவ லென்ஸ்கள் பிடித்துக்கொண்டன. குவியத் தூரம் நீளமாக இருந்ததால் 105 தப்பித்தது. அப்பர்ச்சர் தானாக மூடித் திறக்கும் அமைப்போடு, எஃப் கேமராவின் முதல் வரிசை லென்ஸ்களில் ஒன்றாக அதே 1959-ல் வந்துவிட்டது.

இந்த லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தால் சில விஷயங்கள் புரியும். எஃப்/2.5 என்றால் ஒளி நுழையும் திறப்பின் விட்டம் 42 மி.மீ. இருக்க வேண்டும். ஆகவே முன்பக்கம் 52 மி.மீ. ஃபில்டரே போதும், நிகானின் பெரும்பாலான 28, 35, 50 லென்ஸ்களுக்கும் அதே ஃபில்டர். எஃப்/2 என்று இன்னும் கொஞ்சம் பேராசைப்பட்டிருந்தால் திறப்பே 52 மி.மீ.யைத் தாண்டியிருக்கும், லென்ஸ் தடித்து, எடை கூடி, ஃபில்டரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். பிற்கால லென்ஸின் எடை சுமார் 435 கிராம். எஃப்.எம்.2-ல் மாட்டினால் முன்பாரமும் இல்லை, பின்பாரமும் இல்லை. ஃபோகஸ் வளையம் கனமான எண்ணெயில் சுழல்வதுபோல் சீராகச் சுழலும். அப்பர்ச்சர் எண்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அதே நிறக்கோடுகள் பக்கத்தில் இருந்து, எதிலிருந்து எதுவரை தெளிவாக விழும் என்று காட்டும்.

தூரத்தின் கணக்கு இன்னும் சுவையானது. 2 மீட்டரில் நிற்பவரைக் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்தால் தலையும் மார்பும் சட்டத்துக்குள் அடங்கும். 2 மீட்டர் என்பது பேச்சு அறுபடாத தூரம். குரலை உயர்த்த வேண்டியதில்லை, அவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டவும் வேண்டியதில்லை. 50 மி.மீ. லென்ஸோடு இதே அளவு முகம் வேண்டுமென்றால் பாதித் தூரத்துக்கு நெருங்க வேண்டும். மூக்கு பெரிதாகும், எதிரில் இருப்பவர் சங்கடப்படுவார். 135 மி.மீ. என்றால் பின்னால் போக வேண்டும். நம் ஊர் வீடுகளில் சுவர் இடிக்கும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்துவைத்தால் 2 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் நாலரை செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கத் தொடங்கும். வியூஃபைண்டரில் அந்தக் கண் சட்டென்று பளிச்சிடும் கணத்தைப் பிடிப்பது ஒரு பழக்கம். பழகிவிட்டால் தானியங்கி ஃபோகஸ் இல்லாத குறையே தெரியாது.

1971-ல் நிகான் ஒரு பெரிய காரியம் செய்தது. வெளியே லென்ஸ் அதே பெயர், அதே எஃப்/2.5, உள்ளே ஸொனார் வடிவத்தை எடுத்துவிட்டு, நான்கு குழுக்களில் ஐந்து வில்லைகள் கொண்ட காஸ் வகை வடிவத்தை வைத்தது. காரணம் இருந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் காலத்தில் யாரும் 105-ஐ வைத்துக்கொண்டு மிக நெருங்கியதில்லை. எஸ்.எல்.ஆரில் நெருங்கினால் நெருங்கியதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்தால் ஆசை வரும். ஸொனார் வடிவமோ கிட்டத்தில் தள்ளாடும். புது வடிவம் அதைச் சரிசெய்தது, 1.2 மீட்டராக இருந்த குறைந்தபட்சத் தூரம் 1 மீட்டர் ஆனது. 1 மீட்டரில் ஃபிலிம் சட்டத்துக்குள் விழும் பரப்பு ஏறக்குறைய 18 × 27 செ.மீ. ஒரு முகம், வேறெதுவும் இல்லை. பரப்புகள் எட்டானதால் வெளிச்சம் வீணாகுமே என்ற கவலையும் இல்லை. அதற்குள் பூச்சுக் கலை வெகுதூரம் வளர்ந்திருந்தது. எந்தத் தொல்லைக்காக ஸொனார் பிறந்ததோ அந்தத் தொல்லையே மறைந்துபோயிருந்தது. புது வடிவத்திலும் பழைய இதம் விட்டுப்போகவில்லை. இந்த லென்ஸிடம் மக்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை நிகான் புரிந்துவைத்திருந்தது. 1977-ல் ஏ.ஐ., 1981-ல் ஏ.ஐ.எஸ். என்று மௌன்ட் இணைப்பு மட்டும் மாறி, 2000-களின் நடுப்பகுதி வரை அதே கண்ணாடியோடு உற்பத்தி ஆனது.

1984-ல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் ஆப்கான் அகதி முகாம். புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி கையில் நிகான் எஃப்.எம்.2, கோடாக்ரோம் 64 ஃபிலிம், 105 மி.மீ. எஃப்/2.5 ஏ.ஐ.எஸ். முகாமின் கூடாரப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுமியை எடுத்த படம் 1985 ஜூன் மாத ‘நேஷனல் ஜியோகிராஃபிக்’ அட்டையில் வந்து உலகமெங்கும் போனது. பச்சைக் கண்கள் கூர்மை, கிழிந்த சிவப்பு முக்காட்டின் ஓரம் கரைகிறது, பின்னால் பச்சை மங்கல். இந்த லென்ஸால் என்ன முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் அந்தப் படத்தைப் புகழும்போதெல்லாம் எனக்கு மனதில் ஒரு முள் குத்தும். கேமராவின் பெயர், ஃபிலிமின் பெயர், லென்ஸின் பெயர் எல்லாம் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002 வரை தெரியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். லென்ஸின் முன்வளையத்தில் 10.5 செ.மீ. என்று பொறித்திருந்தால் அது நிச்சயமாக ஸொனார் வடிவம். ஏ.ஐ., ஏ.ஐ.எஸ். எல்லாம் 1971-க்குப் பிந்தைய வடிவம். கறுப்பு வெள்ளையில், 2 மீட்டருக்கு அப்பால் நிற்கிறவர்களை எடுப்பதே உங்கள் வழக்கம் என்றால் பழையதைத் தேடிப் பிடியுங்கள். முகத்தை நெருங்கி எடுக்கும் ஆசை இருந்தால், கலர் ஃபிலிம் ஓட்டுகிறீர்கள் என்றால், ஏ.ஐ.எஸ். போதும். ஏ.ஐ.க்கு மாற்றப்படாத பழைய லென்ஸை எஃப்.எம்.2, எஃப்.இ.2 பாடிகளில் மாட்டவே கூடாது. மௌன்ட்டைச் சுற்றியுள்ள நெம்பு உடையும். பழைய எஃப், நிக்கார்மாட் பாடிகளில் தாராளமாக மாட்டலாம். எஃப்.எம்., எஃப்.இ. பாடிகளில் அந்த நெம்பை மடக்கிவிட்டு மாட்டலாம்.

கடையில் லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அப்பர்ச்சரைத் திறந்து பாருங்கள். சிலந்திவலைபோல் இழையோடினால் பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் இருந்த லென்ஸ்களுக்கு இது வழக்கமான நோய். ஸொனார் வகையில் நடுக்கட்டியின் ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் பசை பிரிகிறது என்று அர்த்தம்; அதைத் தொடாதீர்கள். வாங்கிய லென்ஸைத் தோல் உறையில் பூட்டிவைக்காமல் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

முதல் ரோலை எஃப்/4-ல் எடுத்துப் பாருங்கள். வெயில் நேரடியாக விழாத திண்ணையோ ஜன்னல் ஓரமோ போதும். எடுத்த ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நெகட்டிவ் வந்ததும் நல்ல படத்தை ஒரு பிரின்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள்.